மூன்று டிகிரியில் திரிந்த பால்

சாயிரா பானு பத்தொன்பது வருடமாக பிரிட்ஜ் பழுது பார்க்கிறாள். வீடு ஈசூனில், வேலை தீவு முழுக்க. கதவைத் திறக்கிறவர்களில் பாதிப் பேர் அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, “ஆள் வரலியா?” என்பார்கள். “நான்தான் ஆளு” என்றபடி செருப்பைக் கழற்றுவாள். பிரிட்ஜ் கதவில் ஒளிரும் இலக்கத்தையும், வீட்டுக்காரர் சொல்லும் காரணத்தையும் சோதிக்காமல் அவள் நம்பியதில்லை.

அன்று பிற்பகல் போனது பஃபலோ ரோட்டில் ஒரு பதினோராவது மாடி வீடு. கீழே தேக்கா சந்தையின் இரைச்சல். மேலே எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தன. சாம்பிராணிப் புகை வெளியேற வழியில்லாமல் கூடத்தில் தேங்கி நின்றது. சமையலறை வாசலில் குறுக்கே திருநீற்றுக் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம், பிரிட்ஜை ஒட்டி, ஒரு பெண் நின்றாள். பணிப்பெண் முத்தாயி. வயது முப்பத்தொன்று. பெரம்பலூர்ப் பக்கத்து ஊரிலிருந்து இந்தத் தீவு நாட்டுக்கு வந்து முப்பத்தெட்டு நாள் ஆகிறது. காலடியில் ஜிப் மூடிய பை.

“மெஷின் நல்லா இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க” என்றாள் வீட்டுக்காரி லீலா. “நல்லா இருந்தா இவளை நாளைக்குக் காலைல ஃபிளைட் ஏத்திடுவேன். இவளை அனுப்பின ஏஜென்ட்தான் பிரிட்ஜை ஒருதரம் பாத்துருங்கன்னு சொன்னாரு.”

லீலாவின் கணவர் செல்லக்கண்ணு இறந்து எட்டு மாதம். வெள்ளிக்கிழமைதோறும் அவர் படத்துக்கு முன்னால் காய்ச்சிய பால் வைக்கிறாள். முத்தாயி வந்த பிறகு ஐந்து வெள்ளி போயிருக்கின்றன. வியாழன் வாங்கி வைத்த பால், மறுநாள் அடுப்பேற்றியதும் ஐந்து முறையும் திரிந்துபோனது. பிரிட்ஜ் கதவில் எப்போதும் மூன்று டிகிரி. குறி சொல்கிற ஒருவரிடம் போனாள். தாலி அறுத்தவள் கை தொட்ட பாலை இறந்தவர் ஏற்கவில்லை என்று பதில் வந்தது. முத்தாயியின் கணவன் ஆறு வருடத்துக்கு முன்பே இறந்துவிட்டான். ஊரில் இரண்டு பிள்ளைகளின் படிப்பு இவள் வேலையை நம்பி நிற்கிறது.

லீலா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “அப்ப நீங்க, அக்கா?” என்றாள் பானு.

“நான் அவரு பொண்டாட்டி லா.”

செத்த ஆணின் வாயில் நம் அச்சத்தையும் அழுக்கையும் திணித்துப் பேசவைப்பது எளிது. அவன் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை.

பானு கோட்டைத் தாண்டி உள்ளே போனாள். கதவில் நீலமாக 3. திறந்தாள். விளக்கு எரிந்தது. யாரோ முகத்தருகே மூச்சு விட்டதுபோல் உள்ளிருந்து வெதுவெதுப்பு வந்தது. மோட்டார் சத்தமே இல்லை. ஒரு கிளாஸ் தண்ணீரில் தன் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் வைத்து மூடினாள்.

“இப்படித்தான்க்கா பேச்சு மூச்சில்லாம நிக்கும்” என்றாள் முத்தாயி மெதுவாக. “திடீர்னு உடம்பை உதறிக்கிட்டு எந்திரிக்கும். நான் இங்கதானே படுக்குறேன்.”

“கேட்டீங்களா?” என்றாள் லீலா.

அரை மணி நேரம் கழித்துத் தெர்மாமீட்டர் இருபத்தொன்று காட்டியது. கதவில் இருந்த 3 அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 2 ஆனது. லீலாவின் கை தாலியில்லாத கழுத்துக்குப் போனது.

பானு உள்சுவரில் இருந்த சின்ன மூடியைக் கழற்றினாள். இரண்டு ஒயர்களின் நுனியில் புளியங்கொட்டை அளவில் ஒரு சென்சார். சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்க வேண்டும். குளிரக் குளிர ஏற வேண்டும். பெட்டி தன் குளிரை அறிவது அதை வைத்துத்தான். கொண்டுவந்த ஐஸைத் தண்ணீரில் போட்டு, சென்சாரை முக்கி, மீட்டரை இணைத்தாள். பதினாறாயிரம் ஓம். இந்த மாடலுக்கு அதுதான் சரியான அளவு.

“நல்லாத்தான இருக்கு?” என்றாள் லீலா. முத்தாயி குனிந்து பையின் வாரைப் பிடித்தாள்.

“இருங்க.” பானு சென்சாரைத் துடைத்துத் தன் உள்ளங்கையில் வைத்து மூடினாள். எண் சரசரவென்று இறங்கியது. பத்தாயிரம், ஆறு, நான்கு. அங்கே நின்றது. பிறகு ஏறியது. ஏழு, பதினொன்று, பதினெட்டு. உயிருள்ள கையின் சூட்டுக்குள் கிடந்துகொண்டு அது தான் பனிக்கட்டியில் கிடப்பதாகச் சொன்னது. பத்தொன்பது வருட அனுபவத்தில் பலமுறை பார்த்ததுதான் என்றாலும் பானுவின் பிடரி சிலிர்த்தது.

ஒயர் சேரும் இடத்தில் நகத்தால் கீறினாள். பச்சைப் பாசிபோல் களிம்பு. “ஈரம் உள்ள போயிருக்கு. சூடானா ஜாயின்ட் விட்டுப்போகுது. பெட்டி குளிர் போதும்னு நெனச்சு மோட்டாரை எழுப்பாது. கதவை அடிச்சுச் சாத்தினா ஒட்டிக்கும், திரும்ப ஓடும்.”

“அப்ப வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் திரியுது?” என்றாள் லீலா.

“மத்த நாள் பால் யார் காய்ச்சுறா?”

“யாரும் இல்ல. நான் ஆபீஸ்லயே சாப்ட்டுடுவேன். மிச்சம் இருக்குறத இவ சாப்பிடுவா.”

பானு முத்தாயியைப் பார்த்தாள். “எப்படி இருந்துச்சு?”

முத்தாயி தரையைப் பார்த்தபடி சொன்னாள். “சோறு புளிச்சிருக்கும். குழம்பு நொரைச்சிருக்கும். சொன்னா, நாந்தான் கெடுத்தேன்னு ஆயிருமேன்னு சாப்ட்டுட்டேன். ரெண்டு தடவ வயித்தால போச்சு.”

முப்பத்தெட்டு நாளும் பெட்டி கெட்டுத்தான் கிடந்தது. வெள்ளிக்கிழமை கெட்டது படத்துக்கு வைக்கும் பால். மற்ற நாள் கெட்டது முத்தாயியின் வயிறு. வீட்டில் கணக்கில் வந்தது பால் மட்டும்.

புதுச் சென்சார் பொருத்தியதும் பெட்டி ஒருமுறை குலுங்கி ஓடத் தொடங்கியது. கதவில் 21. பார்த்துக்கொண்டே நின்ற லீலா தாழ்ந்த குரலில் கேட்டாள்: “சரி, ஒயர்தான். அந்த ஒயரைக் கெடுத்தது யாரு? எனக்குத் தெரியணும்னுதான் அவர் அதுல வந்து உக்காந்தாரோ?”

எந்த மீட்டருக்கும் எட்டாத இடத்திலிருந்து வந்த கேள்வி அது.

லீலா முத்தாயியிடம் திரும்பி, “நீ இருந்துக்க. டிக்கெட்டை கேன்சல் பண்ணிடுறேன்” என்றாள்.

“வேண்டாம் மேடம்” என்றாள் முத்தாயி. முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். “நாளைக்கு பல்பு பியூஸ் போனாலும் என்னையத்தான் பாப்பீங்க. ஊருக்கு அனுப்பாதீங்க. டிரான்ஸ்ஃபர் குடுங்க, வேற வீட்டுக்குப் போறேன்.”

லீலா கூடத்துப் படத்தைப் பார்த்தாள். பானு கருவிகளை எடுத்து வைக்காமல் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். “போன் பண்ணுங்க அக்கா. நான் இருக்கேன்.”

ஸ்பீக்கரில் ஏஜென்டின் குரல் வந்தது. “டிரான்ஸ்ஃபரா? புதுசா வேலைக்கு எடுக்குறவங்க கேப்பாங்களே மேடம். அந்தப் பொண்ணு மேல என்ன கம்ப்ளைன்ட்?”

லீலா திருநீற்றுக் கோட்டைப் பார்த்தாள்.

“ஹலோ?”

“ஒண்ணும் இல்ல.”

“கம்ப்ளைன்ட் இல்லன்னே போட்டுடவா?”



“போட்டுக்குங்க” என்றாள் லீலா.