கரிசலாங்கண்ணி என்று எழுதிய தகரம்

கணபதி பகுதியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்புறம், குழாயை ஒட்டி நாலடிக்கு ஆறடி இடம் சும்மா கிடந்தது. அங்கே ஒரு துவைக்கும் கல் போட்டுத் தரும்படி என் மனைவி இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். குளியலறைத் தரையில் குந்தித் துவைத்து அவளுக்கு முழங்கால் வீங்கிப்போயிருந்தது. சரி, போடலாம் என்று நான் ஒப்புக்கொண்ட மாதத்தில்தான் அந்த இடம் முழுக்க மஞ்சள் பூ பூத்தது.

சின்னச் சூரியகாந்தி போல, எட்டணாக் காசு அகலத்தில் பூ. தரையோடு படர்ந்த கொடி. யாரும் நட்டதில்லை. என் தோட்டத்தில் பெயர் தெரியாத செடி எதுவும் இருந்ததில்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பெயரும் நட்ட தேதியும் பெயின்டில் எழுதிய தகரத் துண்டு நிற்கும். ஆகவே இது என்னவென்று தெரியும்வரை கல் வேலை வேண்டாம் என்றேன்.

நூலகத்திலிருந்து ஒரு மூலிகைப் புத்தகம் எடுத்துவந்து, நோட்டில் கட்டம் போட்டு ஒப்பிட்டேன். மஞ்சள் பூ, சரி. ஈரமான இடம், சரி. எதிரெதிர் இலை, சரி. சொரசொரப்பு, சரி. இலையின் வடிவம் மட்டும் ஒத்துவரவில்லை. படத்தில் இலை நீளமாக, பிளவில்லாமல் இருந்தது. எங்களுடையது மூன்று நுனியாகப் பிரிந்திருந்தது. ‘மண் வேறுபாடு’ என்று குறித்துக்கொண்டு, ‘மஞ்சள் கரிசலாங்கண்ணி’ என்று தகரம் எழுதி ஊன்றினேன்.

கண்ணுக்கும் முடிக்கும் அதைவிட உயர்ந்த கீரை இல்லை என்பது எங்கள் வீதியில் எல்லோருக்கும் தெரியும். எதிர்வீட்டு அம்மா மறுநாளே ஒரு கை பறித்துப்போய், காங்கேயத்துத் தேங்காயெண்ணெயில் காய்ச்சித் தலைக்குத் தேய்த்தார். எங்கள் வீட்டில் ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், பொரியல். கசக்கிறது என்றாள் மனைவி. மருந்து கசக்கும் என்றேன். எதிர்வீட்டு மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது என்றாள். மாடு புத்தகம் பார்த்ததில்லை என்றேன். கண்ணாடி இல்லாமல் செய்தித்தாளில் எந்த அளவு எழுத்துவரை படிக்க முடிகிறது என்று தினமும் பதிந்துவந்தேன். முன்னேற்றம் இருந்தது.

மண்டலம் முடிந்ததும் ஒரு கொடியைத் தாளுக்கிடையே வைத்து அழுத்தி, பீளமேட்டுக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் நடத்தும் என் தங்கை கணவரிடம் கொண்டுபோனேன். சந்தேகம் தீர்க்க அல்ல, சான்று வாங்க. அவர் இலையை ஒரே ஒரு முறை திருப்பிப் பார்த்தார்.

“மச்சான், இது அழகுக்கு வெக்கற செடிங்க. வெளிநாட்டுது. எங்க பிரின்சிபால் ரூம் முன்னால மண்ணு தெரியாம இருக்கட்டும்னு உட்டிருக்கறோம். இத ஆரும் திங்கறதில்லீங்க.”

தின்றால் என்ன ஆகும் என்று, வேறு யாருக்காகவோ கேட்பதுபோலக் கேட்டேன். அவர் எத்தனை நாளாயிற்று என்று விசாரித்தார். இன்றோடு நிறுத்திவிடச் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது யாரிடம் முதலில் சொல்வது என்று யோசித்தேன். எதிர்வீடு சுலபமாகப் பட்டது. அந்த அம்மா வாசலில் நின்று தலை உலர்த்திக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டார்.

“ஏனுங்க, முடி கொட்டறது நின்னுபோச்சுங்களே. இனி அதுகிட்டப் போயி, செடிய மாத்திப்போட்டேன்னு சொல்லோணுமுங்களா?”

வீட்டில் மனைவி குளியலறையில் துவைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொல்லி முடித்தேன். நாற்பத்தெட்டு நாள் பொரியலைப் பற்றி ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். அவள் சோப்பைக் கீழே வைத்தாள்.

“அப்ப நாளைக்குக் கல்லுப் போட்டறலாமுங்களா?”

மறுநாள் கொத்தனார் கொடியை வேரோடு வாரி வெளியே தள்ளினார். எதிர்வீட்டு அம்மா கூடையோடு வந்து, தன் வீட்டில் நட்டுக்கொள்வதாகச் சொல்லி அள்ளினார். தகரத்தையும் கேட்டார், யாராவது விசாரித்தால் காட்ட வேண்டுமாம். பெயரைச் சுரண்டிவிட்டுத் தருகிறேன் என்றேன். அதற்குள் அவர் அதை முந்தானையில் துடைத்துக் கூடையில் வைத்துவிட்டார்.

என் கையெழுத்து தெளிவானது. அவர் வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்றால்கூட, கண்ணாடி இல்லாமலே படிக்கலாம்.