ஆரம்பிக்கும் முன்பே ‘மிக நன்று’

போன வாரம் ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலைக்குப் பயிற்சி கொடுக்கப் போயிருந்தேன். தலைப்பு – ‘மூட்டையைக் கிழிக்காமல் கையாள்வது எப்படி?’ வீட்டில் கேஸ் சிலிண்டரைக்கூட நகர்த்தத் தெரியாதவள் நான். ஆனால் கையில் முப்பது ஸ்லைடு இருந்தது... போதாதா?

மேஜையில் ஒரு கட்டுக் காகிதம். பயிற்சி எப்படி இருந்தது என்று எழுதித் தரும் கருத்துப் படிவங்கள். எல்லாவற்றிலும் ‘மிக நன்று’ டிக் அடித்து, கையெழுத்தும் போட்டிருந்தார்கள். நான் இன்னும் வணக்கமே சொல்லவில்லை!

“அஞ்சு மணிக்கு கம்பெனி பஸ்ஸு கெளம்பிடும்ங்க மேடம். அதான் எப்பவும் காலைலயே எழுதிக் குடுத்துடுவோம்” என்றார் முன்வரிசையில் இருந்த ராஜேந்திரன்.

ஆண்டிமடத்துக்காரர். லாரியில் மூட்டை ஏற்றும் ஆட்களுக்கு அவர்தான் பொறுப்பு. மூட்டை கிழிகிறது என்று ஏற்கெனவே இரண்டு மெமோ வாங்கியிருக்கிறார். மூன்றாவது வந்தால் வேலை போய்விடும் என்று மேனேஜர் காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தார்.

பாராட்டுதான் கைக்கு வந்துவிட்டதே, இனி எதற்குத் தொண்டை வற்றப் பேச வேண்டும்? ப்ரொஜெக்டரை அணைத்தேன்.

“மூட்டை ஏங்க கிழியுது? நீங்களே சொல்லுங்க.”

எல்லோரும் மேனேஜரைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார். “சார், நீங்க கடைசியா பேசுங்க” என்று உட்கார வைத்தேன்.

“மூட்டை வர்ற பெல்ட்டு முடியுற எடத்துல ஒரு தகரம் நீட்டிக்கிட்டு இருக்குங்க. அதுல உரசித்தான் கிழியுது. நாங்க என்னங்க பண்ணுவோம்?” என்றார் ராஜேந்திரன்.

“இத ஏன் முன்னாடியே சொல்லல?” என்றேன்.

“இதுக்கு முந்தி வந்த சாருங்க எல்லாம் பேசிட்டுப் போயிட்டாங்க. எங்கள யாரும் கேக்கலீங்களே.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எத்தனை ஆலைகளில் நானும் இப்படிப் பேசிவிட்டு பஸ் ஏறியிருக்கிறேன்!

மொத்தப் பேரும் நடந்து போய்ப் பார்த்தோம். தகரம் இருந்தது. மேனேஜர் தொட்டுப் பார்த்தார்... உடனே விரலை வாயில் வைத்துக்கொண்டார். மதியத்துக்குள் வெல்டர் வந்து அதை வெட்டி எடுத்தார்.

நேற்று மேனேஜர் போன் செய்தார். மூட்டை கிழிவது நின்றுவிட்டதாம். ராஜேந்திரனின் இரண்டு மெமோவையும் ரத்து செய்துவிட்டார்களாம். அப்பாடா!

“அடுத்து மெஷின் செக்‌ஷனுக்கும் ஒரு கிளாஸ் எடுக்கணும் மேடம்.”

“மெஷின் ஓட்டுறவங்களையே பேசச் சொல்லுங்க சார்.”

“அப்ப நீங்க எதுக்கு மேடம்?”

“நீங்க நடுவுல பேசாம பாத்துக்கத்தான் சார்!”