அப்பா பார்க்காத கொலை

சம்மன் வந்த மூன்றாம் நாள் நாங்கள் ஊரை விட்டு ஓடினோம். சினிமாவில் வருவது போல மூட்டை முடிச்சோடு ஓடவில்லை. அப்பா துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர் மாதிரி கைலியோடு கிளம்பினார். அரை மணி கழித்து அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுத் தங்கையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். நான் பள்ளிச் சீருடையில் போனேன். என் பையில் புத்தகம் இல்லை, நான்கு பேருக்கும் மாற்றுத்துணி இருந்தது. பேருந்தில் ஒருவரையொருவர் தெரியாதவர்கள் போல உட்கார வேண்டும் என்பது அப்பாவின் ஏற்பாடு. நாலு வயதுத் தங்கை ஏறியதுமே “அப்பா” என்று கத்தினாள்.

விஷயம் இதுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால், மீன் ஏலக்கூடத்துக்குப் பின்புறம், ஐஸ் உடைக்கும் இடத்தில் ஒருவரை வெட்டினார்கள். பட்டப்பகல். விசைப்படகில் டிரைவராக இருந்த அப்பா அங்கே நின்றார். வெட்டியவர்களை அடையாளம் சொல்லிப் போலீசில் கையெழுத்தும் போட்டார். அப்போது அவரை நினைத்து எனக்கு ஒரே பெருமை. கேஸ் விசாரணைக்கு வந்ததும் எங்கள் தெருமுனையில் இரண்டு பைக்குகள் நிற்கத் தொடங்கின. வந்தவர்கள் எதுவும் செய்யவில்லை. தங்கைக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்கள். அம்மா பயந்தது அந்த மிட்டாய்க்குத்தான். கோர்ட்டுக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. அதுவரை அப்பா யார் கண்ணிலும் படாமல் இருந்தால் போதும் என்று நினைத்தோம்.

முதலில் ஸ்ரீவைகுண்டத்தில் அம்மாவோடு படித்தவள் வீடு. மூன்றாம் நாள் அந்த வீட்டுக்காரரின் செல்லுக்கு யாரோ கூப்பிட்டு அப்பாவின் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் கிளம்பினோம். ஏரலில், அப்பாவிடம் கருவாடு வாங்கி விற்கும் கடைக்கார அண்ணாச்சி ஒருவர் இருந்தார். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல், கொற்கையில் தன் வாழைத்தோட்டத்து மோட்டார் ரூம் சாவியை எடுத்துக் கொடுத்தார். யார் கேட்டாலும் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்து வந்தவர்கள் என்று சொல்ல வேண்டும். கோயிலுக்குப் போகக் கூடாது, போனைத் தொடக் கூடாது. சிலுவை போட்ட தாலியை அம்மா ரவிக்கைக்குள் தள்ளிவிட்டாள்.

பாடப்புத்தகத்தில் கொற்கை பெரிய துறைமுகம். நான் பார்த்தது வாழையும் கொசுவும். தினமும் சோறும் பருப்பும். பிறந்ததிலிருந்து மீன் இல்லாமல் நான் சோறு தின்றதில்லை. அப்பா உயிருக்கு ஒளிந்துகொண்டிருக்கிறார், எனக்கு நாக்கு செத்துப்போனதுதான் கவலை. பதினைந்தாம் நாள் மொபட்டில் மீன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தபோது நான் அழுதே விட்டேன். அம்மா சட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் வாயைத் திறக்காமல் வாங்கி வந்திருக்கலாம். அங்கே நின்ற மற்ற பெண்கள் எல்லாம் அப்படித்தான் வாங்கினார்கள். இவள் விளமீனைக் கையில் எடுத்தாள், வயிற்றை அமுக்கினாள், செவிளைத் திறந்து பார்த்தாள். தூண்டியில் பிடித்தது என்று அவர் சொன்னது அவளுக்குப் பொறுக்கவில்லை.

“இது இழுவ மடி வலையில அடிபட்ட மீனுலா. தூண்டி மீனுங்கிய?”

மீன்காரர் கோபப்படவில்லை. சந்தோஷமாகச் சிரித்தார். “அக்கா நம்ம கடக்கரை ஆளா? எந்தத் தெரு?” என்றார். அம்மா திருப்பூர் என்றாள். திருப்பூரில் எந்தக் கடல் இருக்கிறது? அன்றைக்கு மீன்குழம்பு அருமையாக இருந்தது. நான் மூன்று முறை சோறு போட்டுக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைய வேண்டும் போலிருக்கிறது. அந்த மீன்காரர் யாரையும் காட்டிக்கொடுக்க நினைத்திருக்க மாட்டார். கரைக்குப் போய், கொற்கையில் நம்ம ஆள் ஒரு அக்கா இருக்கிறாள், என்னை மடக்கிவிட்டாள் என்று சிரித்துச் சொல்லியிருப்பார்.

பதினேழாம் நாள் மத்தியானம் நான்கு பேர் வந்தார்கள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார்கள். அம்மாவிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். ஒருவன் தங்கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அவளுடைய கொலுசு நன்றாக இருக்கிறது என்றான். பிறகு அப்பாவிடம் திரும்பினான். “பஸ்ஸுக்கு அலைய வேண்டாம்ணே. கோர்ட்டுக்கு நாங்களே காருல கூட்டிட்டுப் போறோம். பிள்ளையளும் வரட்டும்.”

அவர்கள் போன பிறகு நாங்கள் எங்கேயும் ஓடவில்லை. போலீசுக்குச் சொல்லலாம் என்று அம்மா ஒரு தடவை சொன்னாள். அப்பா தங்கையின் கொலுசுகளைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் பொய் சொல்லிவிட வேண்டும் என்று நான் மாதாவிடம் வேண்டினேன். அப்படி வேண்டியதற்கு எனக்கு அப்போது கொஞ்சமும் வெட்கம் இல்லை.

காரில்தான் போனோம். அம்மாவும் நாங்களும் வராண்டாவில் நின்றோம். அப்பா உள்ளே போய், அன்றைக்கு நான் ஏலக்கூடத்துப் பக்கமே போகவில்லை, போலீசு வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கியது என்று சொன்னார். பிறழ் சாட்சி என்று எழுதிக்கொண்டார்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

வெளியே வந்தபோது செத்தவரின் மனைவி எதிரே வந்தாள். எங்கள் மாதா கோயில் பங்குதான், நாலு தெரு தள்ளி வீடு. திட்டப்போகிறாள், காறித் துப்பப்போகிறாள் என்று நினைத்தேன். அந்த நான்கு பேரும் அப்பாவுக்குப் பக்கத்திலேயே நின்றார்கள். அவள் அவர்களைப் பார்க்கவே இல்லை.

“அண்ணே, கோர்ட்டுல என்னமும் சொல்லிட்டுப் போங்க. நான் அதக் கேக்க வரல. அவுக கடைசியா என்ன சொன்னாவன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லிருங்க.”

அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“நான் அங்கன இல்லம்மா” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். அம்மா கேட்காமலே சொன்னார். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நானும் கேட்டேன். வெட்டுப்பட்டவன் தலை அப்பாவின் மடியில்தான் இருந்ததாம். “அண்ணே, வீட்ல சொல்லிராதிய, அவ பயந்துருவா” என்றானாம். பிறகு பேச்சில்லையாம்.

அது நடந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. வெட்டியவர்கள் விடுதலையாகிக் கடை வைத்திருக்கிறார்கள். அப்பா கடலுக்குப் போவதை விட்டுவிட்டார். அந்தக் கடைசிப் பேச்சைச் செத்தவரின் மனைவியிடம் சொன்னால் அப்பா அங்கே இருந்தார் என்று ஆகிவிடும். அதனால் அம்மாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அந்த அக்கா எனக்கு முந்தின வரிசையில் உட்காருகிறாள். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்படி சாமியார் சொல்லும்போது திரும்பி என்னைப் பார்த்துக் கைகுவிக்கிறாள். நானும் கைகுவிக்கிறேன்.