மிருகக்காட்சிசாலையில் ஓர் அஸர்

நான் கல்முனையில் படகு எஞ்சின் திருத்துகிறவன். சத்தம் வந்தால் கழற்றிப் பார்ப்பேன், காரணம் உள்ளேதான் இருக்கும். யாராவது பேய், ஆவி என்று தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள். நீங்களும் இதைக் கேட்டுச் சிரிக்கலாம், எனக்குக் கோபமில்லை.

கடலுக்குப் போன என் தம்பி ஹாரிஸ் எட்டு மாதமாகத் திரும்பவில்லை. நான் திருத்திக் கொடுத்த எஞ்சினோடுதான் போனான், அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது. மய்யித்து கரை ஒதுங்காததால் அவன் மனைவி நஸீரா மவுத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்கிற இத்தா இருக்கவும் இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை, உடல் இல்லாமலே இறந்தவருக்காகத் தொழுகிற காயிப் ஜனாஸாவுக்குப் பள்ளிவாசலில் சொல்லிவிட்டேன். அதை அவளிடம் சொல்லத்தான், பிள்ளைகளுக்கு மிருகம் காட்டுகிற சாட்டில் கொழும்புக்கு வேன் பிடித்தேன்.

பெரிய இடம், பாதி மிருகம், பாதி மரம், தூறல் வேறு. ஒரு கரடி கம்பிக்குப் பின்னால் நடந்து நடந்து திரும்பிக்கொண்டிருந்தது, பார்க்கவே மனது கனத்தது. என் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்சிங்கம் பார்க்கப் போனாள். நஸீரா பாதையோரத்து வாங்கில் உட்கார்ந்திருந்தாள். நான் கொஞ்சம் தள்ளி மரத்தடியில், வேனில் கிடந்த அகலமான பன்பாயை விரித்து, பின்நேரத் தொழுகையான அஸரைத் தொழுதேன். நின்று, குனிந்து, நெற்றி வைத்து எழுந்தால் ஒரு ரக்அத்; பயணம் என்பதால் நாலுக்குப் பதில் இரண்டே ரக்அத். இரண்டாவதில் நிற்கும்போது வலது தோளில் இரண்டு விரல் தட்டியது.

தனியே தொழுகிறவரோடு பிந்தி வந்து சேர்கிறவர் அப்படித் தட்டுவார், தட்டியதும் நாம் முன்நின்று நடத்துகிற இமாமாகி, 'அல்லாஹு அக்பர்' என்கிற தக்பீரை அவருக்குக் கேட்க உரக்கச் சொல்லுவோம்; தவறவிட்ட ரக்அத்தை அவர் நாம் முடித்த பிறகு தனியே தொழுவார். நானும் சொன்னேன். பக்கத்தில் மூச்சுவிடுவது கேட்டது, ருகூவுக்குக் குனியும்போது ஒரு முழங்கால் சொடுக்கியது. நம்பினால் நம்புங்கள், ஹாரிஸின் முழங்கால் அப்படித்தான் சொடுக்கும். ஸலாம் கொடுத்து வலப்பக்கம் திரும்பினேன், யாருமில்லை. பாயை மடித்துக்கொண்டு வாங்குக்கு ஓடி வந்தேன்.

"ஆருக்கு மச்சான் சத்தமாத் தக்பீர் சொன்னீங்க?" என்றாள் நஸீரா.

"சும்மா, வாயில வந்திட்டு."

"அவர் தட்டினாத்தானே அப்பிடிச் சொல்லுவீங்க." என் கையிலிருந்த பாயைப் பார்த்தாள். "எத்தனையாவது ரக்அத்துல வந்து சேந்தாரு?"

"ரெண்டாவதுல" என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப அவருக்கு இன்னும் ஒண்டு தொழ இரிக்கி. பாயை ஏன் மடிச்சீங்க?"

ஊருக்கு வந்ததும் ஜனாஸா வேண்டாம் என்று பள்ளியில் சொல்லிவிட்டேன். தொழுகையில் நிற்கிறவனுக்கு எப்படி ஜனாஸாத் தொழுவது?

பாயை நஸீரா எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் வீட்டு உள்ளறையில் அது இன்னும் விரித்தபடியே கிடக்கிறது. பிள்ளைகள் உட்பட யாரையும் அதில் கால் வைக்க அவள் விடுவதில்லை. போன கிழமையும் போய்ப் பார்த்தேன். வலப்பக்கத்தில், நெற்றி படுகிற இடம் மட்டும் தேய்ந்துகொண்டு வருகிறது.