எட்டாம் பிறைத் தண்ணீர்

மதீனா பீவி மேலப்பாளையத்திலிருந்து கல்யாணமாகித் தாராவிக்கு வந்தவள். புருஷன் காதருக்குத் தோல் பதனிடும் கிட்டங்கியில் வேலை. அங்கே கழித்துப் போடும் ஆட்டு மயிரை அவள் காடியில் அலசிக் கொடுப்பாள். காடி என்பது மாஹிம் கடலுக்குப் போகும் உப்பாறு. கடல் ஏறினால் அது பின்னோக்கி ஓடும், வற்றினால் இழுக்கும். அமாவாசையை ஒட்டிக் கைநழுவிய மயிர் போனதுதான். எட்டாம் பிறையில் நழுவியது மறு ஏற்றத்தில் திரும்பி, ரயில் பாலத்துக்கு இப்பால் கண்டல் புதரில் சிக்கிக் கிடக்கும். பதினோரு வருஷம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கண்டது.

1964 ஆடியில், மழை விட்ட ஒரு காலை, தோல் அலசப்போன காதர் வழுக்கி விழுந்தார். கூட இருந்த பிரம்மநாயகம் ஓடிவந்து சொன்னார். போலீஸ்காரர் கரையில் நின்றே கையை விரித்தார்.

"கடலுக்குப் போயிட்டாராம், மைனி," என்றார் பிரம்மநாயகம்.

"எத்தன மணிக்கு விழுந்தாவ?"

"ஒம்பது இருக்கும்."

"பிறை எட்டு. இழுப்பு கம்மி. பாலந் தாண்டிருக்க மாட்டாவ அண்ணே. இங்கதான் ஒதுங்குவாவ."

ஏற்றம் நாளுக்கு முக்கால் மணி பிந்தும். அவளும் பிந்திப் பிந்திப் போய்க் கண்டலருகே உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு, நிறைந்த தண்ணீர் அசையாமல் நின்றபோது, காதர் உடுத்திப்போன கட்டம்போட்ட சாரம் தெரிந்தது. முகத்தை நண்டு தின்றிருந்தது. தோல் ஊறவைக்கும் சுண்ணாம்பில் வெந்த விரல்களை வைத்து அடையாளம் சொன்னாள். பிரம்மநாயகமும் அவளும் சேற்றில் இறங்கி இழுத்தார்கள்.

அதன்பிறகு காடியில் யார் விழுந்தாலும் அவளைத் தேடி வந்தார்கள். ஐந்து வருஷத்தில் ஆறு பிணம் கிடைத்தது. மையத்து என்றால் பிணம்; அவளுக்கு மையத்துக்காரி என்று பேர் வந்தது. அவள் நிற்கும் துறையில் மற்றப் பெண்கள் துணி அலசுவதை விட்டார்கள்.

ஒரு நாள் மத்தியானம் பக்கத்துச் சந்துப் பூமாரி தலைவிரிகோலமாக வந்தாள். அவள் புருஷன் சுயம்பு, கட்டுமரம் போலக் கட்டிய தகர டின்களில் அக்கரைக்குப் போகையில் கவிழ்ந்துவிட்டான்.

"யக்கா, எங்க வந்து நிக்கட்டும்? சொல்லுங்க."

அன்று அமாவாசை. ஏற்றம் முடிந்து தண்ணீர் மூர்க்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. ஏதாவது ஒரு இடத்தைச் சொல்லிவிடலாம் என்று மதீனா பீவிக்கு ஒரு கணம் தோன்றியது.

"வர மாட்டாவ தாயி. காத்துக் கெடக்காத."

"ஒம்புருசன் மட்டும் வருவான், எம்புருசன் வர மாட்டானா?" பூமாரி சேற்றை அள்ளி அவள்மேல் எறிந்தாள்.

நாலு நாள் பூமாரி கண்டலருகே நின்றாள். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் மதீனா பீவி தேநீர் கொண்டுபோனாள். பூமாரி வாங்கவில்லை. சுயம்பு வரவில்லை.