மூடிய வார்டிலிருந்து வந்த கேள்வி

தொண்ணூறுகளின் பின்பாதியில் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு நான் ஒருவன்தான் ஆள். யார் எதைப் பார்க்கலாம் என்று முடிவு செய்யும் புரோகிராமை நானே எழுதியிருந்தேன். லேப், வார்டு என எல்லா இடத்துப் புரோகிராமும் ஒன்றைத் திறப்பதற்கு முன் என்னுடையதைக் கேட்க வேண்டும்: இந்தப் பொறுப்பில் இருப்பவர் இதைத் திறக்கலாமா? அது ஆம் அல்லது இல்லை என்று சொல்லும். அனுமதி ஆளுக்கு அல்ல, பொறுப்புக்கு. வார்டு சிஸ்டர்கள் எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு. ஆட்கள் வரட்டும் போகட்டும், நான் எதையும் மாற்ற வேண்டியதில்லை. அந்தச் சாமர்த்தியத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரே ஒரு விலக்கு உண்டு. நோயாளியிடம் கெட்ட சேதியை நேராகச் சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. வீட்டு ஆட்களைக் கூப்பிட்டுத்தான் சொல்வார்கள். அப்படிப்பட்ட ரிப்போர்ட்டில் டாக்டர் ஒரு குறி போட்டுவிட்டால் சிஸ்டர்களுக்கும் திறக்காது. டாக்டர்களுக்குத் திறக்கும், எனக்குத் திறக்கும்.

மறுக்கப்பட்ட கேள்விகள் தனியாக ஒரு பட்டியலில் சேரும். ஒரு நாள் அதை எடுத்துப் பார்த்தேன். பத்து நாட்களாகத் தினமும் மதியம் மூன்றேகாலுக்கு, ஒரே ரிப்போர்ட்டை யாரோ கேட்டிருக்கிறார்கள். தினமும் 'அனுமதி இல்லை'. கேட்டது வார்டு சிஸ்டர். கேட்ட இடம் மூன்றாம் மாடி வார்டு. வெள்ளையடிப்பதற்காக அந்த வார்டை மூடி ஒரு மாதம் ஆகியிருந்தது.

எந்த சிஸ்டர் என்று புரோகிராமுக்குத் தெரியாது. தெரியாதபடி எழுதியவனே நான்தான்.

அன்று மூன்றரைக்கு மேலே போனேன். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே சுருட்டி வைத்த மெத்தைகள், சுண்ணாம்பு வாசம். மூலையில் திரை மட்டும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. 'அனுமதி இல்லை'. நாற்காலியில் யாரும் இல்லை. தொட்டுப் பார்த்தேன், கதகதப்பாக இருந்தது. பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை நான். ஆனாலும் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினேன்.

கீழே வந்து அந்த ரிப்போர்ட்டைத் திறந்தேன். அன்னூர்ப் பக்கத்துப் பெண், வயது நாற்பத்திரண்டு. புற்று, பரவிவிட்டது என்று இருந்தது.

மறுநாள் மூன்று மணிக்கே போய் நின்றுகொண்டேன். வந்தவர் இரண்டாம் மாடி சிஸ்டர், பார்க்கும்போதெல்லாம் சாப்பிட்டாச்சா என்று கேட்பவர். அவர் பெயர் எனக்குத் தெரியாது. எல்லாருக்கும் அவர் சிஸ்டர்தான். நெஞ்சில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையை அன்றுதான் படித்தேன். ரிப்போர்ட்டில் இருந்த அதே பெயர்.

அவர் பதறவில்லை. உட்கார்ந்து நம்பரை அடித்தார். திரை வழக்கமான பதிலைச் சொன்னது.

"ஏனுங்க தம்பி, இது உங்களுக்குத் தொறக்குமுங்களா?"

"எனக்கும் தொறக்காதுங்க அக்கா." வாய் கூசாமல் சொன்னேன்.

"ஊட்டுக்காரரைக் கேட்டனுங்க, ஒண்ணுமில்லைன்னு சொல்லிப்போட்டாரு. டாக்டரும் அதையேதானுங்க சொன்னாரு." திரையைப் பார்த்தபடியே பேசினார். "ஒண்ணுமில்லாதவங்க ரிப்போர்ட்டெல்லாம் எனக்குத் தொறக்குதுங்களே. நானே எத்தன பேருக்குப் படிச்சுச் சொல்லியிருக்கறன். எனக்குப் போட்ட குறியை எடுத்துட்டாங்களான்னுதான் தெனமும் வந்து பாக்கறனுங்க."

ஒரு வரி மாற்றினால் போதும், அவருக்குத் திறந்துவிடும். அந்தத் தைரியம் எனக்கு இல்லை. அவருடைய வீட்டுக்காரரும் டாக்டரும் நின்ற இடத்தில் நானும் நின்றேன்.

"இந்தப் பெட்டி ஒண்ணுதானுங்க தம்பி எங்கிட்டப் பொய் சொல்லாம இருக்குது" என்று சொல்லிவிட்டு, அவர் திரையை அணைத்தார்.