எந்தக் கால் என்று கேட்கவில்லை

பெங்களூர் பிரேசர் டவுனில் மரகதத்தைத் தெரியாதவர்கள் இருக்கலாம், அவளுடைய ஸ்கூட்டரைத் தெரியாதவர்கள் கிடையாது. பின்னால் இரண்டு பக்கமும் கூடுதல் சக்கரம் வைத்த அந்தச் சிவப்பு வண்டி கோல்ஸ் பார்க் முனையில் திரும்பினால், பழக்காரர்கள் கூடையை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அவ்வளவு வேகம். சின்ன வயதில் வந்த போலியோவில் வலது கால் சூம்பிப்போயிருந்தது. காலைப் பற்றி அவளுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. வருத்தமெல்லாம் அதை விசாரிக்கிறவர்கள் மேல்தான்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் பெயரைக்கூடக் கேட்க மாட்டார்கள். எடுத்த எடுப்பில் "எந்தக் கால்மா?" என்பார்கள். பிறகு எப்போதிலிருந்து, எந்த டாக்டர், எந்தக் கோயில் என்று வரிசையாக வரும். "உங்க காலைப் பத்தி நான் கேட்டேனா?" என்று அவள் திருப்பிக் கேட்டு, பஸ்ஸே திரும்பிப் பார்த்ததும் உண்டு. தன்னைப் போல இன்னொருவரைப் பார்த்தால் அந்தக் கேள்வியை மட்டும் செத்தாலும் கேட்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தாள். அந்த வைராக்கியம்தான் அவளை நாக்பூரில் கொண்டுபோய்க் கவிழ்த்தது.

அவளுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியின் சம்பளப் பிரிவில் வேலை. வீட்டு வாசலுக்கே வந்துகொண்டிருந்த கம்பெனி கேப் திடீரென்று நின்றுபோனது. அவரவர் வழியைப் பார்த்துக்கொண்டு வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எலெக்ட்ரானிக் சிட்டி போகும் மேம்பாலத்தில் ஸ்கூட்டரை விட மாட்டார்கள். கீழே போனால் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் பிழைத்துப் போக வேண்டும். முதல் வாரமே பொம்மனஹள்ளியில் மழைத் தண்ணீர் மூடியிருந்த குழியில் வண்டியோடு சாய்ந்தாள்.

சிவாஜிநகர் துணிக்கடையில் வேலை பார்க்கும் தம்பி சஞ்சய், காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே சொன்னான்.

"பேசாம வேலைய வுட்டுடுக்கா. இங்கயே பக்கத்துல எதுனா பாத்துக்கலாம்."

"வேலைய வுடுறதுக்கா இத்தினி வருஷம் நொண்டி நொண்டி போனேன்? கார் வாங்கப் போறேன்."

சஞ்சய் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டான்.

கையால் ஓட்டும்படி மாற்றிய பயிற்சிக் காரில் கற்று, லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தாள். வண்டிதான் இல்லை. புதுக் கார் வாங்கி மாற்றக் கையில் பணம் போதாது. ஏற்கெனவே மாற்றி, ஆர்.சி. புக்கிலும் ஏறிய பழைய வண்டியாகத் தேடினாள். பெங்களூரில் அகப்படவில்லை. நாக்பூரில் ஒன்று இருந்தது. விற்கிறவர் சுரேகா வைத்யா, ரிட்டயர் ஆன கணக்கு டீச்சர். விளம்பரப் படத்தில் கியர் தடியோடு ஒரு கைப்பிடி ஒட்டிக்கொண்டிருந்தது. பயிற்சிக் காரில் கைப்பிடி ஸ்டியரிங் பக்கத்தில் இருந்தது. ஊருக்கு ஒரு விதமாகப் பொருத்துவார்கள்போல என்று மரகதம் நினைத்துக்கொண்டாள்.

இரண்டு பேரும் போனில் பேசினார்கள், பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். மரகதத்தின் பிரேசர் டவுன் உருதுவும் டீச்சரின் இந்தியும் நன்றாகவே ஒட்டிக்கொண்டன. டயர், பேட்டரி, கிளட்ச் எல்லாம் பேசி, டீச்சரின் மகள் கல்யாணத்தில் நடந்த சாப்பாட்டுச் சண்டை வரை வந்துவிட்டார்கள். "கையாலேயே ஓட்டலாம் இல்ல?" என்று ஒருமுறை கேட்டாள். "இத்தனை வருஷமா அப்படித்தானே ஓட்டுறேன்" என்றார் டீச்சர்.

வண்டியை ஓட்டிக்கொண்டு வர ஆம்பிளை ஒருவன் வேண்டாமா என்று சஞ்சய் தானும் ரயில் ஏறினான்.

டீச்சர் வாசலிலேயே காத்திருந்தார். வெள்ளைக் கார், துடைத்துப் பளபளவென்று நின்றது. மரகதம் ஊன்றுகோலைச் சஞ்சயிடம் கொடுத்துவிட்டு டிரைவர் சீட்டில் ஏறினாள். ஸ்டியரிங்கின் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கியரோடு இருந்த கைப்பிடியை அழுத்தினாள். கீழே கிளட்ச் இறங்கியது. பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் வலது காலுக்காக, எல்லாக் காரிலும் இருக்கிற மாதிரியே, அசையாமல் கிடந்தன.

டீச்சர் குனிந்து அவள் காலைப் பார்த்தார். மரகதமும் அப்போதுதான் டீச்சரின் சேலை விளிம்புக்குக் கீழே பார்த்தாள். இடது பக்கம் செயற்கைக் கால்.

"உனக்கு வலது காலா?" என்றார் டீச்சர் மெதுவாக. "கேட்கலாம்னு ரெண்டு மூணு தடவை வாய் வரை வந்தது. ஊரே கேட்குது, நானும் கேட்கணுமான்னு விட்டுட்டேன்."

மரகதத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டீச்சர் மேல் கோபம் இல்லை, தன் மேல்தான். ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்காமல் இத்தனை தூரம் ரயிலேறி வந்திருக்கிறாள். இன்னொரு தடவை இப்படி வர லீவும் கிடைக்காது. வேலை போனது போனதுதான் என்று தோன்றியது.

"வாக்கா, ஊருக்குப் போலாம்" என்றான் சஞ்சய். "நான்தான் அப்பவே சொன்னேனே."

அவன் மட்டும் அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் ஒருவேளை கிளம்பியிருப்பாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"இதைப் பொருத்தின மெக்கானிக் இன்னும் இருக்காரா?"

இருந்தார். அடுத்த தெருவிலேயே பட்டறை. மரகதம் அங்கேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். கிளட்சை இடது காலே பார்த்துக்கொள்ளும். பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் வைக்கிற புதுக் கைப்பிடி எவ்வளவு உயரம், தன் கைக்கு எவ்வளவு தூரம் என்று ஏறி உட்கார்ந்து உட்கார்ந்து காட்டினாள். பிடிக்காவிட்டால் கழற்றச் சொன்னாள். மெக்கானிக் நடுவில் ஒருமுறை ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்தபோதும் அவள் அதே நாற்காலியில் இருந்தாள். வேலை முடிகிறவரை டீச்சர் வீட்டில்தான் சாப்பாடும் படுக்கையும். மாற்றத்தை ஆர்.சி. புக்கில் ஏற்றவும், வண்டியைக் கர்நாடகத்துக்குக் கொண்டுபோகச் சான்று வாங்கவும் டீச்சர் தன் செயற்கைக் காலோடு ஆர்.டி.ஓ. ஆபீஸ் படி ஏறி இறங்கினார்.

புறப்படும்போது, கழற்றிய கிளட்ச் கைப்பிடியை ஒரு பழைய துண்டில் சுற்றிக் கொடுத்தார்.

"எனக்கு எதுக்கு டீச்சர்?"

"வச்சுக்கோ. நல்ல பொருள். தூக்கிப்போட மனசு வரலை."

துண்டுச் சுருட்டு டிக்கிக்குள் போனது. சஞ்சய் சாவிக்குக் கை நீட்டினான். மரகதம் அந்தக் கையில் ஊன்றுகோலை வைத்தாள். ஆதிலாபாத் வரை அவன் கதவுப் பிடியை விடவில்லை. ஹைதராபாத்தில் ராத்தங்கி, மறுநாள் கிளம்பியதும் தூங்கிவிட்டான். ஹெப்பாள் மேம்பாலத்தில் பெங்களூர் நெரிசல் வந்து கட்டிக்கொண்டபோது கண் விழித்தவன், "சீக்கிரமா கூட்டினு வந்துட்டியேக்கா" என்றான். அவ்வளவு நெரிசலிலும் அவளுக்கு அது நன்றாக இருந்தது.

திங்கள்கிழமை எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போனாள். கீழே பொம்மனஹள்ளி இருந்தது. எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கர்நாடக நம்பர் ஏறிய பிறகும் பார்க்கிங்கில் அதை நாக்பூர் வண்டி என்றே சொன்னார்கள். கொஞ்ச நாளாக ஒரு பையன் அதைச் சுற்றி வருவதை மரகதம் கவனித்தாள். நாலாவது மாடியில் புதிதாகச் சேர்ந்தவன், பெயர் ஷ்ரேயாஸ். காலைச் சற்று இழுத்து நடப்பான். பேண்ட் மறைத்ததில் எது என்று தெரியவில்லை. கண்ணாடி வழியாக உள்ளே பார்ப்பான், அவள் வருவது தெரிந்ததும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வான். ஒன்றும் கேட்க மாட்டான். அவளும் கேட்கவில்லை.

ஒரு சாயங்காலம் நல்ல மழை. கேப் கிடைக்காமல் அவன் தூணோரம் நனைந்துகொண்டிருந்தான். மரகதம் வண்டியை அவன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். வாய்வரை வந்ததை ஒருமுறை விழுங்கினாள். பிறகு கேட்டாள்.

"எந்தக் கால்?"

அவன் முகம் சுருங்கியது. அந்தச் சுருக்கம் அவளுக்கு நன்றாகத் தெரியும், அவள் முகத்திலேயே எத்தனை தடவை வந்திருக்கிறது.

"இடது" என்றான், வேண்டா வெறுப்பாக.

"கார் ஓட்டணுமா?"

 ஆமாம் என்று தலையாட்டினான்.

"அப்போ ஏறு. போற வழியில பேசலாம்" என்றாள் மரகதம். "உனக்கு வேண்டியது டிக்கில இருக்கு."